நூற்றிருபது கிலோவில் என் பங்கு

என் அத்தானுக்கு வருஷத்தில் இரண்டே காலம்தான். போட்டிக்குத் தயாராகும் நாலு மாதம் ஒன்று, மிச்ச எட்டு மாதம் இன்னொன்று. அந்த நாலு மாதத்தில் மனிதர் அரைப் பட்டினி கிடப்பார். கன்னம் ஒட்டிப்போகும், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் குணம் தங்கம். மிச்ச எட்டு மாதம் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவார். அப்போதுதான் பக்கத்தில் போக முடியாது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவருக்கு வயிறு நிறைந்தால்தான் பத்தும் பறக்கும்.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். நாற்பத்தொரு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பும் நோயாளிகளின் அங்கியும் தள்ளுவண்டியில் மலையாக வந்து இறங்கும். ஆளுயர மெஷினில் போட்டுத் துவைத்து, ஈரத்தோடு இழுத்து வெளியே தள்ளுவது இவர் பிரிவு. ஈர விரிப்பு நாற்பது சேர்ந்தால் பிணக் கனம் கனக்கும். எட்டு மணி நேரம் அதை இழுத்துவிட்டு, குளித்து, ஒரு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே ஜிம்முக்குப் போவார். இருபது வருஷமாக இதுதான். ஆணழகன் போட்டியில் எண்பது கிலோ பிரிவில் மேடை ஏறுவார். மூன்று தடவை இரண்டாம் இடம். ஜிம்மில் பட்டப்பெயரே 'செகண்டு'. முகத்துக்கு நேரே கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரே கிடையாது.

இந்த எட்டு மாதம் ஏன் இவருக்கு எரிச்சல் என்று கேட்டால், காரணம் நியாயமானதுதான். நாலு மாதம் செதுக்கிய உடம்பு, ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த நாலாவது வாரத்தில் மூடிக்கொண்டுவிடும். வயிற்றில் கோடு போய்விடும், தாடை உருண்டுவிடும். சட்டையோடு பார்த்தால் யாரோ ஒரு குண்டு மனிதர். தசை வளர்வது இந்த மூடின உடம்புக்குள்தான், சாப்பிடாமல் எதுவும் வளராது என்று அவருக்கே தெரியும். பத்துப் பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம். கண்ணாடி முன்னால் நின்றால் பனியனைத் தூக்கி வயிற்றைப் பார்க்காமல் நகர மாட்டார். பார்த்துவிட்டு யாரிடமாவது எரிந்து விழுவார்.

சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற அம்மா ஒருத்தி, நல்ல மனுஷி, ஒருநாள் அக்கறையாகக் கேட்டுவிட்டார்.

"என்ன தம்பி, ஜிம்முக்குப் போறத விட்டுட்டீங்களா? விட்டா இப்படித்தான் ஊதும்னு சொல்வாங்க."

அத்தான் கையில் இருந்த ஈர மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, சீருடைச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டி, கையை மடக்கிக் காட்டினாராம். அந்தம்மா பார்த்துவிட்டு, "வீக்கமா தம்பி?" என்று கேட்டாராம். இதை வந்து சொல்லும்போது எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அடக்கிக்கொண்டேன்.

போன வருஷப் போட்டி முடிந்ததும், நடுவர்களில் ஒருவர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு விரலை வைத்து, "இங்க ஒண்ணுமே இல்லையேப்பா. மத்ததெல்லாம் வச்சிருக்க" என்றார். ஒரு விரல். இருபது வருஷம் கஷ்டப்பட்டவனிடம் ஒரு விரலை வைத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உண்மையும்கூட. மேல் மார்பு தட்டையாக இருந்தது. அத்தானுக்குக் கைக்கும் தோளுக்கும் செய்வதில் ஆசை. பிடிக்காததைக் கடைசியில் போனால் போகிறதென்று செய்வார். எல்லோரும் அப்படித்தான். நான் பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கும் பிடிக்காத கலரைக் கடைசியில்தான் கலக்குவேன்.

ஜிம் மாஸ்டர் முட்டி தேய்ந்த மனிதர். வாசலோரம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே எல்லோரையும் விரட்டுவார். அவர் அந்த வருஷத்து ஓய்வுக்காலப் பயிற்சியை அடியோடு மாற்றினார். வாரம் இரண்டு நாள், உடம்பு புதுசாக இருக்கும்போதே முதல் வேலையாகச் சாய்வு பெஞ்ச். கையும் தோளும் பாதியாகக் குறையும். உடம்பு எடை தொண்ணூறு கிலோவரை ஏறலாம், அதற்கு மேல் கூடாது. மாதம் ஒருமுறை மட்டும் அளவு எடுப்பது.

"இப்ப தொண்ணூறு கிலோவை ஆறு தடவை தள்ற. எட்டு மாசத்துல நூத்தஞ்சு வரட்டும், போதும். அது வந்தா நெஞ்சு தானா வரும். அவசரப்படாத."

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தான் எங்களிடம் ஒன்று சொன்னார். அடுத்த போட்டியில் ஜெயிக்கவில்லை என்றால் இத்தோடு சரி, மேடையும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜிம்முக்குப் போகும் இந்த மனிதரோடு குடித்தனம் பண்ணவே இவ்வளவு பாடு என்றால், ஜிம் இல்லாத மனிதரோடு எப்படி?

அவரோடு கூடப் பயிற்சி செய்தவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்படித்தான் நான் மாட்டினேன்.

"சாயங்காலம் சும்மாதானேடா இருக்க. அத்தான்கூடப் போ. பின்னாடி நின்னா போதுமாம்," என்றாள் அக்கா.

பின்னால் நிற்பது என்றால் இதுதான். சாய்வு பெஞ்சில் படுத்து, பளுவை மார்புவரை இறக்கி மேலே தள்ளுவார். முடியாமல் நின்றுபோனால், தலைமாட்டில் நிற்கிறவன் கம்பியின் அடியில் கை கொடுத்து ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கம்பி மார்பில் உட்கார்ந்துவிடும். மாஸ்டர் எனக்குச் சொன்னது ஒரே வரி: "ரெண்டு விரல் போதும். அதுவும் அவனால முடியாதப்ப மட்டும்." நான் வாழ்க்கையில் தூக்கிய அதிகபட்சப் பளு இருபது லிட்டர் பெயின்ட் வாளி. தலையை ஆட்டினேன்.

இரண்டாவது வாரம் தொண்ணூற்றிரண்டரை போட்டார். நாலாவது தடவையிலேயே நின்றுவிட்டது. நான் எடுத்து மாட்டினேன். மறுபடி போட்டார், மூன்றில் நின்றது. அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அக்கா புரிந்துகொண்டாள். வேகவைத்த கோழியும் உருளைக்கிழங்கும் தட்டில் காத்திருந்தன. "வேண்டாம்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வேண்டிய காலத்தில் சாப்பிடாமல் போய்ப் படுப்பது! அக்காவும் சாப்பிடவில்லை. நான் மட்டும் வெட்கமில்லாமல் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா கடைக்கே போன் பண்ணினாள்.

"டேய், நீ அங்க என்னதான் பண்ற?"

"பின்னாடி நிக்கறேன்."

"நின்னு? அவர் முடியாம தவிக்கறப்ப வேடிக்கை பாப்பியா? கொஞ்சம் புடிச்சாத்தான் என்ன, கையா தேஞ்சிடும்? நேத்து ராத்திரி முழுக்க இந்த வீட்ல யாரும் தூங்கல."

"அப்படியெல்லாம் புடிக்கக் கூடாதுக்கா."

"கூடாதாம்! பெரிய மாஸ்டர் இவரு."

நான் ஆழம் தெரியாமல் காலை விட்டது அன்றைக்குத்தான். அடுத்த முறை நாலாவது தடவையில் கம்பி தயங்கியதும் இரண்டு விரலைக் கொடுத்தேன். ஏறிவிட்டது. ஐந்துக்கும் கொடுத்தேன். ஆறு. எழுந்து உட்கார்ந்து, "தொட்டியா?" என்று கேட்டார்.

"சும்மா கை வச்சேன் அத்தான். எல்லாம் நீங்கதான்."

அன்று வீட்டில் திருவிழாதான். இரண்டு தட்டு சாப்பிட்டார். மகளிடம் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேள் என்றார். அக்கா வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினாள். அப்படி அவள் வந்ததே இல்லை.

பிறகு என்ன, இரண்டு விரல் நாலாயிற்று, நாலு விரல் உள்ளங்கையாயிற்று. அவருக்குத் தன் பலம் ஏறுகிறது என்ற நினைப்பு, அதனால் தட்டுகளை ஏற்றிக்கொண்டே போனார். அவர் ஏற்ற ஏற்ற, நான் இன்னும் இழுக்க வேண்டும். இழுக்காமல் விட்டால் ஒரேயடியாக அவர் கீழே போய்விடுவார். பொய்யைச் சொல்வது சுலபம், அதைத் தூக்கிச் சுமப்பதுதான் பாடு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; என் விஷயத்தில் அது கிலோக் கணக்கில் நடந்தது. மூன்றாம் மாதம் நூற்றைந்து. நாலாம் மாதம் நூற்றுப் பத்து. மாஸ்டர் எட்டு மாதத்துக்கு வைத்த இலக்கை அத்தான் மூன்று மாதத்திலேயே எட்டிவிட்டார். ஜிம்மில் தெரியாத பயல்கள்கூட வந்து கைகொடுத்தார்கள். நான் தலைமாட்டில் நின்று, பல்லைக் கடித்து, மூச்சு இரைக்க, "நீங்கதான் அத்தான், நீங்கதான்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு கொடுமை. என் சட்டை எல்லாம் முதுகில் பிடிக்க ஆரம்பித்தன. கடை முதலாளி ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னப்பா, தோளு கழுத்துக்கு ஏறிக்கிட்டு வருது?" என்றார். வாரம் இரண்டு நாள், செட்டுக்கு ஆறு தடவை, குனிந்து முப்பது கிலோவை இழுத்தால் முதுகு வராமல் என்ன செய்யும்? நான் யாரோடும் போட்டி போட ஆசைப்படவில்லை. எனக்கு மேடை வேண்டாம், பரிசு வேண்டாம். ராத்திரி இடுப்பு வலி இல்லாமல் படுத்தால் போதும் என்றிருந்தது.

ஐந்தாம் மாதம் மாஸ்டர் டேப்பை எடுத்தார். நெஞ்சைச் சுற்றி ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. நோட்டைப் புரட்டினார். நெற்றியைச் சொறிந்தார்.

"அரை சென்டிமீட்டர் ஏறியிருக்கு. அதுவும் மூச்சப் புடிச்சியோ என்னவோ."

"நூத்தி இருபது தள்றேன் மாஸ்டர்," என்றார் அத்தான்.

"அதான்யா எனக்கும் புரியல. தள்றது ஏறுது, நெஞ்சு ஏறல. இடுப்பு மட்டும் நாலு இஞ்சு ஏறியிருக்கு. எடை தொண்ணூத்தி நாலு. நான் சொன்னது தொண்ணூறு."

அத்தான் என்னைப் பார்த்தார். சந்தேகமாக இல்லை, ஆறுதலுக்காகப் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லியிருக்கலாம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். நெஞ்சு ஏன் வளரவில்லை என்று காரணம் தேட ஆரம்பித்தார். முதலில் தூக்கம். எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைக்கச் சொன்னார். பிறகு பயிற்சி போதவில்லை என்று இரண்டு செட் கூட்டினார். என் இடுப்புக்கும் இரண்டு செட் கூடியது. பிறகு வேலை. ஈர விரிப்பை இழுத்து இழுத்துத்தான் பலமெல்லாம் அங்கேயே போகிறது என்று முடிவு பண்ணி, இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட எதையும் கேட்காத மனிதர், மேற்பார்வையாளரிடம் போய்க் கெஞ்சி, இஸ்திரி உருளைப் பக்கம் மாற்றிக்கொண்டார். அங்கே விரிப்பின் நுனியைப் பிடித்து உருளைக்குள் செலுத்தினால் போதும். அந்த ஆவிச் சூட்டில் நின்றால் கால்தான் வீங்கும். "கேக்கவே கூசுச்சு மாப்ளே," என்று என்னிடம் சொன்னார். "நெஞ்சு வந்துடும் அத்தான்," என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

கடைசியில் சமையலுக்கு வந்து சேர்ந்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நானும் சாப்பிடப் போயிருந்தேன். அக்கா தட்டை வைத்தாள். அத்தான் கோழித் துண்டுகளை முள்கரண்டியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது இருநூறு கிராம் இருக்கா?"

"நிறுத்துத்தான் போட்டேங்க."

"வேகறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. எப்பவும் அப்படித்தானே."

"எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. முட்டையும் சின்னச் சின்னதா வாங்குற. அஞ்சு மாசம் நான் அங்க உயிரைக் குடுக்கறேன், நெஞ்சு ஏறல. எங்கயோ ஓட்டை இருக்கு. அது இந்தச் சமையக்கட்டுலதான் இருக்கு."

பதினைந்து வருஷம். போட்டிக்கு நாலு மாதம் இருக்கும்போதெல்லாம், அவர் உப்பில்லாமல் தின்கிறார் என்று இவளும் உப்பில்லாமல் தின்றாள். தினம் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறு டப்பாவில் சாப்பாடு அடைத்தாள். டப்பா மூடியில் நேரம் எழுதி ஒட்டினாள். அக்கா எழுந்து போய்த் தராசைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். தட்டிலிருந்த கோழியை ஒவ்வொரு துண்டாக எடுத்து அதில் வைத்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தராசில் நூற்று நாற்பது காட்டியது. வெந்தால் அவ்வளவுதான் காட்டும், அது அவருக்கும் தெரியும்.

எனக்கு வந்த கோபத்தில் எது முன்னால் வருகிறது எது பின்னால் வருகிறது என்றே தெரியவில்லை.

"ஓட்டை சமையக்கட்டுல இல்ல அத்தான். அந்த நூத்தி இருபதுல முப்பது கிலோ என்னோடது."

அத்தான் முதலில் சிரித்தார். "உன்னோடதா? நீயா?"

"நான்தான். முதல் மாசத்துலேர்ந்து. உங்களால தொண்ணூறுக்கு மேல முடியல. நான் இழுத்துவிட்டேன்."

"சும்மா கை வச்சேன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் தராசையே பார்த்துக்கொண்டு, "நான்தான் சொன்னேன்" என்றாள். "கொஞ்சம் புடிடான்னு நான்தான் சொன்னேன். அஞ்சு மாசம் இந்த வீட்ல சிரிச்சுப் பேசிச் சாப்பிட்டோம். அதுக்காகத்தான் சொன்னேன்."

அத்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பைக் சாவியை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடி ஏறிக்கொண்டேன். ஏறாதே என்றும் சொல்லவில்லை, ஏறு என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜிம்மில் மாஸ்டரையும், ஓரத்தில் சைக்கிள் மிதிக்கும் ஒருவரையும் தவிர யாரும் இல்லை. அத்தான் சாய்வு பெஞ்சை இழுத்துப்போய் இரும்புக் கூண்டுக்குள் வைத்தார். அங்கே இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி உண்டு. பளுவைத் தவறவிட்டால் அது தாங்கிக்கொள்ளும், பின்னால் ஆள் தேவையில்லை. நூற்றிருபதை ஏற்றிப் படுத்தார். இறக்கினார். டமால் என்று குறுக்குக் கம்பியில் விழுந்தது. ஒரு அங்குலம் எழவில்லை. பத்தைக் கழற்றினார். டமால். இன்னொரு பத்து. நூறு பாதிவரை வந்து நின்றது, கை நடுங்கியது, டமால். மாஸ்டர் மேசையை விட்டு எழுந்து நொண்டிக்கொண்டே வந்து நின்றார். தொண்ணூறு. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவது இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆறு.

நான் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகை ஒரு தட்டுத் தட்டினார்.

"நெஞ்சு வளரலன்னு அஞ்சு மாசமா தேடிட்டிருக்கோமேய்யா. இந்தா இருக்கு, இவன் முதுகுல."

யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை. பிறகு அத்தானிடம் மெதுவாகச் சொன்னார். "இது உன் தப்பும்தான். முப்பது கிலோ குறையறது தெரியாத கையா உன் கை? இருபது வருஷக் கை."

அத்தான் கழற்றிய தட்டுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் மாட்டினார்.

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. அக்காவோடு தேவைக்கு மட்டும். சாப்பிட்டார், வேலைக்குப் போனார், ஜிம்முக்குப் போய்க் கூண்டுக்குள் தனியாகப் படுத்தார். ஒவ்வொரு முறையும் முடியாத கடைசித் தடவையை டமாலென்று கம்பிமேல் விடுவார். ஜிம்மே திரும்பிப் பார்க்கும். நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேலும் கோபம், அக்காமேலும் கோபம், மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் இடுப்பு வலி என்பதிலும் கோபம்.

பன்னிரண்டாம் நாள் மாஸ்டர் கூண்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"இது குந்தி எந்திரிக்கறவங்களுக்கு. உன்னால மூணு பேரு காத்திருக்கான். வெளிய போடு பெஞ்ச."

"பின்னாடி ஆள் இல்ல மாஸ்டர்."

"அதோ உக்காந்திருக்கானே, அவன் என்ன கதவா?"

பெஞ்ச் வெளியே வந்தது. நான் தலைமாட்டில் போய் நின்றேன். மாஸ்டர் என் இரண்டு கையையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டவைத்தார்.

"இங்கயே இருக்கட்டும். அவன் வாயைத் திறந்து 'எடு'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் நீ தொடணும். சொல்லாம நீ தொட்ட, ரெண்டு பேரும் வெளிய." அத்தானிடம் திரும்பினார். "இன்னொண்ணு. இந்த வருஷம் மேடை வேண்டாம். பாக்கி இருக்கறதுல நாலு மாசம் பட்டினிக்குப் போயிடும், மீதியில நெஞ்சு வராது. போனா இன்னொரு செகண்டு, இல்ல அஞ்சாவது. ஒரு வருஷம் தள்ளிப் போடு. இல்ல, விடறதுன்னா இப்பவே விட்டுடு. உன் இஷ்டம்."

அந்தப் பட்டப்பெயரை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அத்தான் மாஸ்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படுத்தார். தொண்ணூறு.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து ஏறுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஆறாவது மார்புவரை இறங்கியது. அங்கிருந்து நாலு விரற்கடை எழுந்து நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றேன். இழுப்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது; இழுக்காமல் நிற்பதுதான் கொலையாக இருந்தது. சொல்லுங்களேன், ஒரே ஒரு வார்த்தை, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். கம்பி மெல்லக் கீழே வந்து மார்பில் உட்கார்ந்தது. முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. மேலே எங்கேயோ பார்த்தது. மாஸ்டர் அசையவில்லை. அக்கா வாழ்கிற வீட்டில் பதினைந்து வருஷமாக இந்த மனிதர் 'என்னால் முடியவில்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கதவைச் சாத்துவார், தட்டைத் தள்ளுவார், மூட்டையைக் கீழே போடுவார். சொல்ல மாட்டார்.

"எடு," என்றார். காற்று மாதிரிதான் வந்தது. நான் சரியாகக் கேட்டேனா என்று பயந்து நின்றேன். அதற்குள் இன்னொரு தடவை, கண்ணைத் தாழ்த்தி என்னைப் பார்த்து, "எடு மாப்ளே" என்றார்.

எடுத்து மாட்டினேன். அவர் எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் இருமினார். மாஸ்டர் தன் நோட்டில் எதையோ எழுதினார். திரும்பும்போது பைக்கில் ஒரு பேச்சும் இல்லை. சரி, இன்றைக்கும் கதவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். எப்போதும்போல முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்கு எதை ஜாடை காட்டுவது என்று தெரியவில்லை.

அத்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இந்த வருஷம் போட்டிக்குப் போகல. அடுத்த வருஷம்தான்."

"அப்படின்னா, இன்னும் ஒன்றரை வருஷம் இப்படியேவா?" என்று அக்கா கேட்டாள். அவளையும் மீறி வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படியே இல்ல," என்றார் அவர். நின்று, கஷ்டப்பட்டு மறுபடியும் ஆரம்பித்தார். "அன்னிக்கு அந்தத் தராசு... நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது." அதற்கு மேல் வரவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அக்கா பரிமாறினாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மகள்தான் கேட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இத்தனை வருஷத்தில் முகம் சரியில்லாத நாளில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதே கிடையாது.

"அப்பா, இன்னிக்கு எவ்ளோ தூக்குனீங்க?"

அக்காவின் கை அப்படியே நின்றது. நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"தொண்ணூறு," என்றார் அத்தான். "அஞ்சு தடவை. ஆறாவதுக்கு உன் மாமாவக் கூப்பிட்டேன்."